ஏறுவதெல்லாம் பொருந்துவதல்ல

பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கும் செட்டிகுளத்தை வெளியூர்க்காரர்கள் சின்ன வெங்காயத்தால் அறிவார்கள். வெங்காயத்தின் வேர் மேல்மண்ணோடு நின்றுவிடும்; ஆழத்து ஈரம் அதற்கு எட்டாது. உரிய நாளில் தண்ணீர் பாயாவிட்டால் காய் திரளாது. ஆகவே இப்படிப்பட்ட ஊரில் மோட்டாரோ எஞ்சினோ நின்றால் அதை அன்றைக்கே ஓட வைக்க வேண்டும். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, வைஸ் பொருத்திய மேசை, டிரில்லிங் மெஷின், வெல்டிங் செட்டு, பழைய டப்பா நிறைய நட்டும் போல்ட்டும் என்று பல வீடுகளில் பட்டறை உருவாவதற்கு இந்த அவசரமே முதற்காரணம். பிறகு அதில் ஆசையும் சேர்ந்துகொள்கிறது. பழைய புல்லட்டையோ தாத்தா காலத்துச் சைக்கிளையோ பிரித்துப் பூட்டும் இடமாக அது வளர்கிறது. அந்தப் பட்டறையில் நாள்தோறும் எழுகிற, ஆனால் யாரும் நின்று யோசிக்காத ஒரு கேள்வியைப் பற்றியது இந்தக் கட்டுரை. கையில் இருக்கும் போல்ட்டின் மரை எது? நட்டு ஏறிவிட்டால் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். அது முழு விடை ஆகாது, பாதி விடை மட்டுமே, அந்தப் பாதி விடையை நம்புவதால்தான் வார்ப்புகள் விரிகின்றன, மரைகள் வழுக்குகின்றன, சில சமயம் உயிரே போகும் நிலை வருகிறது என்பதே என் வாதம்.

இந்தச் சிக்கல் பெரிய தொழிற்சாலையைவிட வீட்டுப் பட்டறையில்தான் கடுமையாக இருக்கிறது. திருச்சி பெல் ஆலையோ அதைச் சுற்றித் துவாக்குடியில் இயங்கும் பட்டறைகளோ தாங்கள் எந்த மரையில் வேலை செய்வது என்பதை வரைபடத்திலேயே முடிவு செய்துகொள்ளலாம். பழுதுபார்க்கிறவனுக்கு அந்த உரிமை இல்லை. அவனிடம் எல்லாக் காலமும் எல்லா நாடும் வந்து சேரும். 1841இல் ஜோசப் விட்வொர்த் இங்கிலாந்தின் பல பட்டறைகளிலிருந்து போல்ட்டுகளைத் திரட்டி, அவற்றின் சராசரியைக் கண்டு, 55 பாகைக் கோணமும் உருண்டை முகடும் கொண்ட மரையை வகுத்தார். பொன்மலை ரயில்வே பணிமனை போன்ற இடங்களின் வழியாகவும் கிணற்றடிக்கு வந்த லிஸ்டர் வகை ஆயில் எஞ்சின்களின் வழியாகவும் நம் பக்கத்துக் கைகள் முதலில் பழகியது அந்த மரையைத்தான். 1864இல் பிலடெல்பியாவில் வில்லியம் செல்லர்ஸ், 55 பாகையை வெட்டுவதும் சரிபார்ப்பதும் கடினம் என்று வாதிட்டு, 60 பாகைக் கோணமும் தட்டையான முகடும் கொண்ட மரையை முன்வைத்தார். இரண்டாம் உலகப் போரில் ஒரே அணியில் நின்ற பிரிட்டனின் நட்டும் அமெரிக்காவின் போல்ட்டும் சேராத துன்பத்தை அனுபவித்த பிறகு, 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் 60 பாகையில் ஒன்றிணைந்தன. அந்த ஒருங்கிணைந்த அங்குல மரை, 1960இல் தொடங்கிய டாஃபேயின் மாஸி பெர்குசன் டிராக்டர்களோடும், 1963இல் மகிந்திரா இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டுச் சேர்ந்து செய்த டிராக்டர்களோடும் நம் வயல்களுக்குள் வந்தது. இதற்கிடையே 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் இந்தியா மெட்ரிக் முறைக்கு மாறியது. புதிய இயந்திரங்கள் மில்லிமீட்டர் மரையோடு வரத் தொடங்கின. இந்தத் தரங்கள் ஒவ்வொன்றும் தன்னளவில் நன்கு சிந்தித்துச் செய்யப்பட்டது. எல்லாம் கலந்து கிடப்பது செட்டிகுளத்துக் கொட்டகையின் ஒரே டப்பாவுக்குள்.

பழக்கம் எங்கே ஏமாற்றும் என்பதற்கு நம் பட்டறைக் கணக்கிலிருந்தே சான்று காட்டலாம். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். கால் அங்குலம் இரண்டு நூல், அரை அங்குலம் நாலு நூல். இரண்டு நூல் போல்ட்டில் விட்வொர்த்துக்கும் அங்குலத்துக்கு 20 மரை, அமெரிக்கப் பெருமரைக்கும், அதாவது 60 பாகை அங்குல மரையில் மரைகள் அகன்று நிற்கும் வகைக்கும், 20 மரை. இரண்டரை நூலில் இரண்டுக்கும் 18. மூணு நூலில் இரண்டுக்கும் 16. கோணம் ஐந்து பாகை மாறினாலும் இவை ஒன்றின் மேல் ஒன்று ஏறும், ஓரளவு வேலையும் செய்யும். எஞ்சின் போல்ட்டையும் டிராக்டர் போல்ட்டையும் பல ஆண்டுகள் மாற்றி மாற்றிப் போட்டவர், இரண்டும் ஒரே மரை என்று முடிவுக்கு வருவது இயல்பு. நாலு நூலில் அந்த முடிவு உடைகிறது. அங்கே விட்வொர்த்துக்கு 12 மரை, அமெரிக்கப் பெருமரைக்கு 13 மரை. போல்ட் முதல் ஒன்றிரண்டு சுற்று கையால் ஏறும், பிறகு இறுகும். மூன்று அளவுகளில் கிடைத்த அனுபவம் நான்காவது அளவுக்கு உத்தரவாதம் தரவில்லை. அனுபவத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது எந்தெந்த அளவுகளில் சேர்ந்ததோ அந்த அளவுகளோடு அதன் செல்லுபடியும் முடிகிறது என்பதைச் சொல்கிறேன்.

அப்படியானால் வெர்னியரை வைத்து விட்டத்தை அளந்துவிட்டால் போதாதா? போதாது. எட்டு மில்லிமீட்டர் போல்ட் சரியாக எட்டு மில்லிமீட்டர் இருக்காது. நட்டுக்குள் தடையில்லாமல் சுழல இடைவெளி வேண்டும் என்பதால், வழக்கமான தரத்தில் அதன் வெளிவிட்டம் 7.76க்கும் 7.97க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். இரண்டரை நூல் அமெரிக்கப் பெருமரைப் போல்ட்டின் வெளிவிட்டமோ 7.69க்கும் 7.91க்கும் இடையில் இருக்கலாம். வெர்னியர் 7.85 என்று காட்டினால் அது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். வெர்னியரில் தவறில்லை, விட்டத்துக்குத் தனியாகத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. இங்கே மரைக்கும் மரைக்கும் உள்ள இடைவெளியை, பட்டறையில் பிட்ச் என்பதை, கேட்க வேண்டும். எட்டு மில்லிமீட்டர் பெருமரையின் பிட்ச் 1.25 மி.மீ.; அங்குலத்துக்கு 18 என்றால் 1.41 மி.மீ. ஒரு மரையில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. ஒரு முகட்டில் தொடங்கிப் பத்து இடைவெளி தாண்டிய முகடு வரை அளந்தால் ஒன்றில் 12.5, மற்றதில் 14.1 என்று பளிச்சென்று பிரிந்துவிடும். அளக்கும் நீளத்தைக் கூட்டினால் சிறு வேறுபாடு தானே வளர்ந்து வெளியே வரும். நல்ல கருவி இல்லாதவனுக்கு நீளமே கருவி. பிட்ச்சை ஒப்பிட்டுப் பார்க்கும் பிட்ச் கேஜின் தகட்டை நாலைந்து மரையில் வைத்துப் பார்த்து 'உட்காருகிறது' என்று சொல்வது இதனால்தான் ஆபத்து. 1.25 மி.மீ. தகடும் அங்குலத்துக்கு 20 மரைத் தகடும், அதாவது 1.27 மி.மீ.யும், குட்டையான போல்ட்டில் ஒன்றுபோலவே உட்காரும்.

இந்த இடத்தில்தான் வாதத்தின் மையத்துக்கு வருகிறோம். 1905இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்து வில்லியம் டெய்லர் கேஜுகளைப் பற்றி ஒரு விதியை வகுத்தார். 'போகும்' கேஜ் மரையின் முழு வடிவத்தையும், பொருந்த வேண்டிய நீளம் முழுவதையும் ஒருசேரச் சோதிக்க வேண்டும். 'போகாது' கேஜ் ஒரு நேரத்தில் ஒரே ஓர் அளவை மட்டும் சோதிக்க வேண்டும். எளிமையாகத் தோன்றினாலும் இதற்குள் ஆழமான தர்க்கம் இருக்கிறது. ஒரு பொருள் சரியாக இருக்க அதன் எல்லா அளவுகளும் சரியாக இருந்தாக வேண்டும்; அது தவறாக இருக்க ஏதாவது ஓர் அளவு தவறினாலே போதும். நம் கொட்டகையில் நட்டைக் கையால் சுழற்றிப் பார்ப்பது 'போகும்' சோதனை மட்டுமே, அதுவும் அரைகுறையான ஒன்று. 'போகாது' சோதனை நடப்பதே இல்லை. தளர்வான ஜோடி அந்த முதல் சோதனையில் எப்போதும் தேறிவிடும். மூணு நூல் போல்ட்டில் பத்து மில்லிமீட்டர் நட்டைப் போட்டுப் பாருங்கள். போல்ட்டின் விட்டம் 9.5, நட்டு எதிர்பார்ப்பது 10. பிட்ச் ஒன்றில் 1.59, மற்றதில் 1.5. ஸ்பேனரே தேவைப்படாமல் பல சுற்று ஏறும். ஆனால் பல்லும் பல்லும் கவ்வும் ஆழம் கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கும். பிட்ச் ஒத்துப்போகாததால் பாரம் முழுவதும் ஒன்றிரண்டு மரைகளின் மேல் விழும். முறுக்கும்போது இறுகியது போலத் தோன்றும். கலப்பையின் அதிர்வில் ஒருநாள் மரை மொத்தமாக வழித்துக்கொண்டு வரும். ஏற மறுத்த போல்ட் நம்மிடம் உண்மையைச் சொல்லிவிட்டது. சுலபமாக ஏறிய போல்ட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உலக வரலாற்றில், ஏற மறுப்பது, சுலபமாக ஏறிவிடுவது என்ற இதன் இரண்டு முகங்களும் பதிவாகியிருக்கின்றன. 1904 பிப்ரவரியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் எரிந்தபோது வாஷிங்டன், பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய ஊர்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. வந்தவர்களின் குழாய் இணைப்புகள் பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்களில் சேரவில்லை. பெருந்துயரம்தான், ஆனாலும் தவறு அந்த நொடியிலேயே எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, அமெரிக்கா இணைப்புகளுக்குப் பொதுத்தரம் தேடவும் அது தூண்டுதலாயிற்று. மற்றொரு முகம் 1990 ஜூன் 10 அன்று வெளிப்பட்டது. பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் பறந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 5390 விமானத்தின் முன் கண்ணாடி வானத்திலேயே பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் உடல் பாதிக்கு மேல் வெளியே இழுக்கப்பட்டது. ஊழியர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொள்ள, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார், வெளியே இழுக்கப்பட்ட விமானி உயிர் பிழைத்தார். அதற்கு முந்தைய பழுதுபார்ப்பில் கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 உரிய விட்டத்தைவிட ஏறத்தாழ 0.66 மி.மீ. மெலிந்தவை, மீதி 6 நீளத்தில் குறைந்தவை. பழைய போல்ட்டைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டுப் புதியதைத் தேர்ந்திருந்தார்கள். மெலிந்த போல்ட்டுக்கும் சரியான போல்ட்டுக்கும் அங்குலத்துக்கு 32 என்ற ஒரே பிட்ச். பிட்ச் கேஜ் வைத்திருந்தாலும் அது 'சரி' என்றே சொல்லியிருக்கும். இங்கே விட்டத்தை அளந்திருக்க வேண்டும். முன்பு சொன்ன 7.85இல் பிட்ச்சை அளக்க வேண்டும். எந்த ஓர் அளவும் மற்றதற்கு மாற்றாகாது.

குழாய் மரையில் இந்த ஏமாற்றம் இன்னும் ஒரு படி கூடுகிறது. கிணறும் போர்வெல்லும் உள்ள ஊரில் அதிகம் கையாள்வதும் அதைத்தான். அரை இஞ்ச் ஜிஐ பைப்பில் அரை அங்குலம் என்று அளக்க எந்த இடமும் இல்லை. அதன் மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ.; முக்கால் அங்குலத்தைவிடவும் பெரிது. ஒரு இஞ்ச் பைப்பின் மரை 33.249 மி.மீ. பெயர் பழைய காலத்து உட்துளையிலிருந்து வந்தது, இன்றைய அளவிலிருந்து அல்ல. அட்டவணை இல்லாமல் அளப்பவர் துல்லியமாக அளந்தும் தவறான முடிவுக்கே போவார். நம் நாட்டில் இது பிரிட்டிஷ் குழாய் மரை. 55 பாகை, அரைக்கும் முக்காலுக்கும் அங்குலத்துக்கு 14. இறக்குமதிக் கருவிகளோடு வருகிற அமெரிக்கக் குழாய் மரையும் அரை, முக்கால் இரண்டிலும் அதே 14தான், கோணம் மட்டும் 60. சாக்கெட்டில் ஏறும், இறுகும், பிறகு கசியும். டெஃப்லான் டேப்பை இன்னும் நாலு சுற்றுச் சுற்றி அந்தக் கசிவை மறைக்கிறோம். ஒரு இஞ்சுக்குப் போனால் ஒன்று 11, மற்றது 11½; அங்கே டேப்பாலும் முடியாது. விட்டமும் பிட்ச்சும் ஒத்திருக்கும்போது கோணம்தான் கடைசிச் சாட்சி. கேஜ் தகட்டை மரையில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பக்கவாட்டில் கசியும் ஒளிக்கீற்று அதைச் சொல்லிவிடும்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, தேர்ந்த மெக்கானிக்கின் கையைப் பற்றியது. நாற்பது ஆண்டு ஸ்பேனர் பிடித்தவருக்கு அட்டவணை எதற்கு, போல்ட்டைத் தொட்டதுமே சொல்லிவிடுவாரே என்பார்கள். அந்தக் கைக்கு நான் தலைவணங்குகிறேன். வழக்கத்துக்கு மாறான சிறு தடையை முதலில் உணர்வது கைதான். எந்தக் கேஜும் அதற்கு ஈடாகாது. ஆனால் கை நன்றாக உணர்வது தடையை. தடை இல்லாமல் ஏறும் தவறான ஜோடியை எச்சரிக்க அதற்கு வழி இல்லை. மேலும் அந்தக் கையின் அறிவை மகனுக்கோ ஐடிஐ முடித்துவரும் பையனுக்கோ கொடுக்க முடிவதில்லை, 12.5, 14.1 என்ற எண்களைக் கொடுத்துவிடலாம். அளவெடுப்பது அனுபவசாலியை அவமதிப்பதாகாது. அவர் அறிந்ததை அவரோடு முடிந்துபோகாமல் காப்பாற்றுவதற்கு அதுவே வழி.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. மரை தெரியாவிட்டால் என்ன, துளையைப் பெரிதாக்கி நமக்குத் தெரிந்த மில்லிமீட்டர் மரை வெட்டும் டேப்பை ஓட்டிவிடலாம் அல்லது ஸ்டட்டை வைத்து வெல்டிங் அடித்துவிடலாம் என்பார்கள். மரை முற்றிலும் வழித்துப்போன இடத்தில் துளையைப் பெரிதாக்குவது நியாயம்தான். ஆனால் மரை நன்றாக இருக்கும்போது அதை அடையாளம் காணச் சோம்பி இப்படிச் செய்வது அடுத்தவன் தலையில் சுமையை ஏற்றுவதாகும். எஞ்சின் வார்ப்பில் துளையைச் சுற்றியுள்ள சுவர் ஒரு கணக்கோடு விடப்பட்டது. அதைக் குடைந்தால் திரும்ப வராது. வார்ப்பிரும்பில் வீட்டு வெல்டிங் பெரும்பாலும் விரிசலில் முடிகிறது. இவை எல்லாவற்றையும்விட மோசமானது, எட்டுத் துளைகளில் ஏழு அங்குல மரை, ஒன்று மில்லிமீட்டர் மரை என்று ஒரு பொறியை விட்டுச்செல்வது. செய்தே ஆக வேண்டுமானால் அந்தத் துளைக்குப் பக்கத்தில் சென்டர் பஞ்சால் ஓர் அடையாளம் இடுங்கள், நோட்டில் எழுதுங்கள். பழைய மரையையே மீட்டுத்தரும் கம்பிச்சுருள் கிடைக்குமானால் அதையே முதலில் நாடுங்கள்.

மூன்றாவதாக, இன்னும் சில ஆண்டில் எல்லாம் மெட்ரிக் ஆகிவிடும், இந்தப் பழைய கதையை ஏன் கற்க வேண்டும் என்று கேட்பார்கள். அப்படி ஆகப்போவதில்லை. உலகப் பொதுத்தரமே பிரிட்டிஷ் குழாய் மரையை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் இந்தியத் தரம் 554 அதே அங்குல மரையின் அளவுகளைத்தான் மில்லிமீட்டரில் எழுதித் தருகிறது. சைக்கிள் பெடலின் மரை இன்றும் நாலரை நூல் விட்டம், அங்குலத்துக்கு 20. இடது பெடலுக்கு இடது மரை. கேமரா முக்காலியின் திருகு இன்றும் இரண்டு நூல், 20 மரை. தரங்கள் ஒன்றை ஒன்று ஒழித்துவிடுவதில்லை. ஒன்றன் மேல் ஒன்றாகப் படிகின்றன. நல்ல லேத்தில்கூட இந்தப் படிவைப் பார்க்கலாம். அங்குல லீட் ஸ்குரூ உள்ள லேத்தில் மில்லிமீட்டர் மரையைப் பிழையின்றி வெட்ட 127 பல் சக்கரம் மாட்டுகிறார்கள்; ஐந்து அங்குலம் என்பது சரியாக 127 மில்லிமீட்டர். இரண்டு உலகமும் மிச்சமில்லாமல் சந்திக்கும் முதல் முழு எண் அதுதான்.

எஞ்சுவது செலவும் நேரமும். தொழிற்சாலையில் இருப்பது போல ஒவ்வொரு அளவுக்கும் 'போகும்', 'போகாது' வளையங்களை வாங்க வீட்டுப் பட்டறையால் முடியாது, வேண்டியதும் இல்லை. ஒரு வெர்னியர், 55 பாகைக்கும் 60 பாகைக்கும் தனித்தனியே பிட்ச் கேஜ், சுவரில் ஒட்டிய ஒரு மரை அட்டவணை போதும். இவற்றோடு, கடையில் வாங்கும்போதே மரை இன்னதென்று தெரிந்த புதிய போல்ட்டும் நட்டும், அளவுக்கு ஒரு ஜோடியாக, பெயர் எழுதித் தனிப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு எடுத்துவிடாமல் காப்பாற்றினால் அந்தப் பெட்டியே ஏழையின் கேஜ் தொகுதி. அடையாளம் தெரியாத போல்ட்டைத் தெரிந்த போல்ட்டோடு பக்கவாட்டில் சேர்த்து, மரைக்குள் மரை பதிய வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பிட்ச் ஒன்றானால் நீளம் முழுவதும் ஒளி புகாது. வேறானால் சில மரைக்குள் பல்லின் மேல் பல் ஏறிக்கொள்ளும். போல்ட்டின் தலையையும் படியுங்கள்: 8.8 என்று பொறித்திருந்தால் மில்லிமீட்டர். நடுவிலிருந்து விரியும் கோடுகள் இருந்தால் பெரும்பாலும் அங்குலம். அதன் பிறகு நட்டைக் கையால் முழு நீளமும் ஓட்டிப் பாருங்கள். பாதியில் இறுகினாலும் தவறு, கடகடவென்று ஆடினாலும் தவறு. கடைசியாக, நீங்கள் கண்ட முடிவு பொய்யாக வேண்டுமானால் அது எந்த மரையாக இருக்கக்கூடும் என்று கேட்டு, அந்த மரை நட்டையும் போட்டுப் பாருங்கள். அதுவும் அதே போல ஏறினால் நீங்கள் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. இந்தக் கடைசிக் கேள்விதான் வீட்டுப் பட்டறையின் 'போகாது' கேஜ். அதற்குக் காசு ஆவதில்லை.

கொட்டகையில் கேஸ் வெல்டிங் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அசிட்டிலின் இணைப்புக்கு இடது மரை, ஆக்சிஜன் இணைப்புக்கு வலது மரை. தவறான இடத்தில் ஏறவே கூடாது என்பதற்காகத் தீர்மானித்துச் செய்த ஏற்பாடு அது. நம் டப்பாவில் கிடக்கும் மற்ற போல்ட்டுகளுக்கு அந்தப் பாதுகாப்பை யாரும் செய்து தரவில்லை; அதை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். வெங்காயத்துக்குத் தண்ணீர் நிற்கிற நாளில் இதெல்லாம் தாமதமாகத் தோன்றும் என்பது எனக்குத் தெரியும். பத்து இடைவெளியை அளந்து அட்டவணையைப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்; விரிந்த வார்ப்பைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போய்வர ஒரு நாள் ஆகும். ஆகவே நட்டு இரண்டு சுற்று ஏறி நின்றால் ஸ்பேனரை எடுக்காதீர்கள், வெர்னியரை எடுங்கள். நிற்காமல் சரசரவென்று ஏறினாலும் எடுங்கள்.